ஒரிஜினல் வீட்டில்... நகல் கையில்! லைசென்ஸ், ஆதாரை எங்கே வைத்தால் பாதுகாப்பு?

"மாப்ள, பர்ஸைக் காணோம்டா!"

சில மாதங்களுக்கு முன்பு, விடிவதற்குள் வந்த போன் அது. பேசியது என் தாய்மாமா. திருவாதவூர்க்காரர். மேலூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஊரை மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். மாமா அங்கே லோடு வேன் ஓட்டுகிறார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் காய்கறி ஏற்றி, விடிகாலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்குவதுதான் வேலை. அன்றைக்கும் மூட்டை இறக்கிவிட்டு டீக்குக் காசு கொடுக்கப் பின்பாக்கெட்டில் கைவிட்டிருக்கிறார். பர்ஸ் இல்லை. எங்கே விழுந்தது, யார் எடுத்தது, எதுவும் தெரியாது.

"பணம் போனா போகுது, ஆயிரத்துச் சொச்சம்தான். லைசென்ஸ் அதுலதானடா இருக்கு?"

லைசென்ஸ் மட்டுமல்ல. ஆதார் அட்டை, பான் கார்டு, வாக்காளர் அட்டை, ஏடிஎம் கார்டு, அந்த ஏடிஎம் கார்டின் ரகசிய எண்ணை எழுதி மடித்து வைத்த துண்டுச்சீட்டு... மொத்தக் குடும்பமும் 'ரொம்பப் பத்திரமாக' ஒரே பர்ஸுக்குள் இருந்திருக்கிறது.

அடுத்த 9 நாள்கள் மாமா வண்டி எடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்று வேன் உரிமையாளர் சொல்லிவிட்டார். ஓட்டினால்தான் கூலி. 9 நாள் கூலி போனது.

இந்த 9 நாள்களில் மாமாவுக்காக அலைந்தபோது நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பர்ஸை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, மேலே படியுங்கள்.

ஏன் மாமா ஒரிஜினலோடு சுற்றினார்?

"ஒரிஜினலை ஏன் மாமா தினமும் பாக்கெட்ல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கணும்னு கவர்மென்ட்டுதான்டா சொல்லுச்சு. மறந்துபோச்சா?"

அவர் சொன்னது சரிதான். 2017 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாகனம் ஓட்டுபவர்கள் ஒரிஜினல் லைசென்ஸைக் கையில் வைத்திருக்க வேண்டும், நகல் செல்லாது என்பதுதான் அது. அதற்குக் காரணமும் இருந்தது. 2016-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,218 பேர் உயிரிழந்திருந்தார்கள். அதிவேகம், மதுபோதை, சிக்னலை மீறுவது, போன் பேசியபடி ஓட்டுவது போன்ற குற்றங்களுக்கு லைசென்ஸைத் தற்காலிகமாக ரத்து செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு சொல்லியிருந்தது. ஒரிஜினல் கையில் இருந்தால்தானே பறிமுதல் செய்ய முடியும்?

மக்களுக்கு வந்த பயம் வேறு. 'தொலைந்தால் என்ன செய்வது?' லாரி உரிமையாளர்கள் தரப்பு உட்படப் பலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 1-ம் தேதி தொடங்க இருந்த நடவடிக்கை சில நாள்கள் தள்ளிப்போய், 2017 செப்டம்பர் 6-ல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பீரோவில் இருந்த லைசென்ஸ்கள் எல்லாம் பின்பாக்கெட்டுக்கு இடம் மாறின. எங்கள் மாமாவின் லைசென்ஸும் அப்படி வந்ததுதான்.

சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை!

அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. 2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் ஆகிய செயலிகளில் காட்டப்படும் லைசென்ஸையும் ஆர்.சி-யையும் ஒரிஜினலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-வது விதி திருத்தப்பட்டது. ஆவணங்களைக் காகிதமாகவோ, மின்னணு வடிவிலோ காட்டலாம் என்பது விதியாகவே ஆனது.

2020 அக்டோபர் 1 முதல் இன்னொரு படி. மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்துக்கு, காகித வடிவில் ஒரிஜினலைக் கொடு என்று கேட்கக் கூடாது. லைசென்ஸைப் பறிமுதல் செய்யவேண்டிய குற்றமாக இருந்தாலும், அதைப் போர்ட்டலிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

2017-ல் ஒரிஜினல் கட்டாயம் என்ற செய்தி டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2018-ல் அது தளர்ந்த செய்தி அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அபராதம் என்றால் பரவும் வேகம், சலுகை என்றால் வருவதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 'கையில் எதுவுமே வேண்டாம்' என்று சட்டம் சொல்லவில்லை. சீருடையில் இருக்கும் போலீஸார் கேட்டால் லைசென்ஸைக் காட்டவேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. அதை அட்டையாகக் காட்டுவதா, அரசு செயலியில் காட்டுவதா என்பது உங்கள் விருப்பம்.

அட்டைதான் தொலைந்தது, லைசென்ஸ் இல்லை!

அப்படியென்றால் மாமா அன்றைக்கே டிஜிலாக்கரில் லைசென்ஸை எடுத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போயிருக்கலாமே?

போயிருக்கலாம். அட்டை தொலைந்ததால் லைசென்ஸ் ரத்தாகிவிடுவதில்லை. வண்டி ஓட்டும் உரிமை போக்குவரத்துத் துறையின் 'சாரதி' பதிவேட்டில் இருக்கிறது. அட்டை என்பது அதற்கான அத்தாட்சி மட்டும்தான். ஆனால், மாமாவுக்கு இரண்டு தடைகள் வந்தன.

முதல் தடை, லைசென்ஸ் எண். அது மாமாவுக்கு நினைவில் இல்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. 'டி.என். 59' என்று தொடங்கும் என்பதைத் தவிர எதுவும் தெரியவில்லை. வீட்டையே புரட்டிப் போட்டோம்.

மூன்றாவது நாள் காப்பாற்றியது எங்கள் அம்மாச்சி. அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மஞ்சப்பை உண்டு. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். "இந்தக் கெழவி குப்பையெல்லாம் சேத்து வெச்சிருக்கு" என்று மாமா எத்தனையோ முறை கிண்டல் செய்த பை. அதன் அடியில், எப்போதோ எதற்கோ எடுத்த லைசென்ஸ் ஜெராக்ஸ் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

"குப்பைன்னு சொன்னியே, இப்ப யாரு கும்பிடுறது?" என்றார் அம்மாச்சி.

இரண்டாவது தடைதான் பெரியது. டிஜிலாக்கரில் பதிவு செய்ய ஆதார் எண் கொடுத்தோம். ஓ.டி.பி. அனுப்பியதாகத் திரையில் வந்தது. எங்களுக்கு எதுவும் வரவில்லை. ஆதாரில் இருந்தது, மாமா பல வருடங்களுக்கு முன்பு தூக்கிப்போட்ட சிம் கார்டின் எண். போக்குவரத்துத் துறைப் பதிவிலும் அதே பழைய எண்தான்.

அதன்பின் ஆதார் மையத்தில் வரிசையில் நின்று, விரல் ரேகை வைத்து, புது எண்ணைச் சேர்த்து, அது பதிவேற்றமாகக் காத்திருந்து... 9-வது நாள் டிஜிலாக்கர் திறந்தது. லைசென்ஸ் எண்ணைப் போட்ட சில நொடிகளில் மாமாவின் போட்டோவோடு லைசென்ஸ் திரையில் வந்தது. மறுநாள் வேன் கிளம்பியது. டூப்ளிகேட் அட்டை அதற்கும் பிறகு தபாலில் வந்தது.

9 நாள் கூலியை விழுங்கியது தொலைந்த பர்ஸ் அல்ல. மாற்றாமல் விட்ட ஒரு போன் நம்பர்.

படியோலை, மூல ஓலை

அம்மாச்சி அன்றைக்கு ஒரு கதை சொன்னார். ஊரில் திருவாசகம் முற்றோதலுக்குத் தவறாமல் போகிறவர் அவர். மாணிக்கவாசகர் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சுந்தரர் கதை.

பெரியபுராணத்தில் வருவதுதான். புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். அங்கே ஒரு முதியவர் ஓலையோடு வந்து நிற்கிறார். "உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை" என்கிறார். கோபத்தில் சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. முதியவர் பதறவில்லை. 'கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது' என்று அதை எடுத்துக் காட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, சபையோர் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

"சாமியே நகலைத்தான் கையில எடுத்துட்டு வந்துச்சு. நீ ஒரிஜினலைத் தூக்கிட்டுத் திரியிற" என்று மாமாவைப் பார்த்து முடித்தார் அம்மாச்சி.

படியோலை பயணத்துக்கு, மூல ஓலை வீட்டுக்கு. கல்யாண வீட்டில் ஓலை கிழிந்தபோது வழக்கைக் காப்பாற்றிய அந்த ஏற்பாடு இன்றைக்கும் பொருந்துகிறது. இன்றைய படியோலை உங்கள் போனுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கெல்லாம் வைக்காதீர்கள்!

நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் என்று பலரிடமும் 'லைசென்ஸை எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டேன். அடிக்கடி வந்த பதில்கள் இவை.

பேன்ட்டின் பின்பாக்கெட்: பிக்பாக்கெட்காரருக்கு மிக வசதி. தினமும் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் அட்டை வளைந்து, சிப் இருக்கும் இடத்தில் விரிசல் விடும்.

பைக் டேங்க் கவர், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்: வண்டி திருடுபோனால் ஆவணங்களும் சேர்ந்தே போகும். திருடிய வண்டியைப் பிடிபடாமல் ஓட்டிப்போக, ஆர்.சி-யையும் நாமே கொடுத்தனுப்பியதுபோல ஆகிவிடும். மதுரை வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் பிளாஸ்டிக் அட்டை நெளிவது தனிக்கதை.

போன் பவுச்சின் பின்பக்கம்: இளைஞர்களிடம் அதிகம் இருக்கும் பழக்கம். போன் தொலைந்தால் ஒரிஜினலும் போகும், டிஜிட்டல் நகலும் போகும், ஓ.டி.பி. வரும் சிம்மும் போகும். மூன்று சாவியையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் போட்ட கதை.

அலுவலக மேஜை டிராயர்: ஞாயிற்றுக்கிழமை இரவு தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்?

அரிசி டின், சாமி படத்துக்குப் பின்னால்: திருடருக்குத் தெரியாமல் இருக்கலாம். கரையானுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் தெரியும். வைத்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் எங்கே?

விலை உயர்ந்த பெட்டகம் எதுவும் தேவையில்லை. அம்மாச்சியின் மஞ்சப்பை முறையையே கொஞ்சம் மாற்றினால் போதும்.

ஜிப் வைத்த வாட்டர்புரூஃப் ஃபைல் ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். அப்பாவின் ஆவணங்கள் ஓர் உறையில், அம்மாவுடையது ஓர் உறையில், பிள்ளைகளுடையது ஓர் உறையில். பீரோவின் மேல்தட்டில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள்.

உயரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இழந்தது பொருள்களை மட்டுமல்ல. சான்றிதழ், பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் தண்ணீரில் போயின. அவற்றை மீண்டும் வழங்க அரசு டிசம்பர் 14 முதல் சிறப்பு முகாம்களே நடத்தவேண்டி வந்தது. வெள்ளத்தில் பாஸ்போர்ட் போனவர்களுக்குக் கட்டணமில்லாமல் புதிது தரப்படும் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். 'அதெல்லாம் சென்னையில்தானே' என்று மதுரைக்காரர்கள் நினைக்க முடியாது. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும்.

ஃபைல் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். நள்ளிரவில் ஒருவரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் கேட்பார்கள். அவற்றை ஒளித்து வைத்தவரே ஸ்ட்ரெச்சரில் இருந்தால், யாரிடம் கேட்பது?

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். லைசென்ஸ் எண், பாஸ்போர்ட் எண், பான் எண், எது எப்போது காலாவதியாகிறது என்ற விவரம். அந்தத் தாளில் ஏடிஎம் ரகசிய எண் மட்டும் வேண்டவே வேண்டாம்.

லேமினேஷன் பற்றி ஒரு வார்த்தை. கல்விச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்காக அட்டஸ்டேஷன் வாங்கப் போகும்போது அது தொல்லையாகிவிடும். உறை போதும்.

நிலப் பத்திரம், நகை ரசீது போன்றவற்றுக்கு வங்கி லாக்கர் சரியான இடம். அடிக்கடி எடுக்கவேண்டிய அடையாள அட்டைகளுக்கு அது சரிப்பட்டு வராது.

போனில் எப்படி?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். லைசென்ஸை போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது டிஜிட்டல் லைசென்ஸ் ஆகாது. போலீஸார் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

டிஜிலாக்கருக்குள்ளும் இரண்டு வகை உண்டு. 'இஷ்யூட் டாக்குமென்ட்ஸ்' என்பது அரசுத் துறையின் பதிவேட்டிலிருந்து நேராக வருவது. இதுதான் ஒரிஜினலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைப்பதற்கு அந்த மதிப்பு கிடையாது. ரயிலில் டிஜிலாக்கர் ஆதாரையும் லைசென்ஸையும் அடையாளமாகக் காட்டலாம் என்று 2018-ல் ரயில்வே அறிவித்தபோதும், நாமே ஏற்றியது செல்லாது என்றுதான் சொன்னது.

பதிவு செய்யும்போது இரண்டு சிக்கல்கள் வரலாம். ஒன்று, நம் ஊருக்கே உரிய இனிஷியல் பிரச்னை. ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று வரும். பிறந்த தேதி வித்தியாசமும் அப்படித்தான். இரண்டு, பழைய புத்தக வடிவ லைசென்ஸ். கணினிப் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் தேடினாலும் கிடைக்காது. இரண்டுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சரிசெய்ய வேண்டும். தொலைப்பதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

டிஜிலாக்கர் பின் நம்பரையும் போன் லாக்கையும் பிறந்த வருடமாக வைக்காதீர்கள். பிறந்த தேதி எல்லா அட்டையிலும் அச்சாகியிருக்கிறது. டவுன்லோடு செய்யும் இ-ஆதாரின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான். உங்களைத் தெரிந்த யாரும் அதைத் திறந்துவிடலாம்.

'போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்றால்?' நியாயமான கேள்வி. தினமும் வண்டி ஓட்டுபவர்கள் லைசென்ஸ் அட்டை ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம், தவறில்லை. சட்டையின் உள்பாக்கெட்டிலோ, பையின் உள் ஜிப்பிலோ வையுங்கள். அதோடு ஆதார், பான், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்காதீர்கள். ஏதாவது விபத்து என்றால் நாம் யார் என்று அடுத்தவருக்குத் தெரிய ஓர் அட்டையும், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டும் போதும். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கும் இதே வழிதான்.

தொலைப்பதைவிடக் கொடுப்பதில் ஆபத்து அதிகம்!

பர்ஸ் தொலைந்தால் பதறுகிறோம். அதே ஆதாரின் ஜெராக்ஸை எத்தனை இடங்களில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சிம் கடை, லாட்ஜ், வாடகை வீடு, மண்டபம், தவணைக்கு மிக்ஸி வாங்கிய கடை... அந்தத் தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

ஜெராக்ஸ் கடையில் என்ன செய்கிறோம்? கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்புகிறோம். பிரின்ட் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆதார் அங்கேயே, கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடுகிறது.

2022 மே மாதம் நடந்தது நினைவிருக்கலாம். ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாடு முழுக்கப் பதற்றம். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அரசு அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றது. எச்சரிக்கை வாபஸானாலும், அதில் சொல்லப்பட்ட ஒரு வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதுதான் 'மாஸ்க்டு ஆதார்'. முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதே ஆண்டு ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், அதனால் தன் சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். பிரபல நடிகருக்கே இந்த நிலை என்றால், நகைக்கடனுக்கும் டூவீலர் லோனுக்கும் வங்கிப் படி ஏறும் நமக்கு?

எனவே...

* அடையாளம் கேட்கும் இடத்தில் எல்லாம் ஆதாரை நீட்டாதீர்கள். லைசென்ஸோ, வாக்காளர் அட்டையோ போதுமா என்று முதலில் கேளுங்கள்.

* ஆதாரே வேண்டும் என்றால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.

* ஜெராக்ஸின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதிய தாளில் சிம் வாங்குவது கஷ்டம்.

* ஜெராக்ஸ் கடையில் ஃபைலை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னிலும்தான். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

* ஆதாரின் பயோமெட்ரிக்கை 'லாக்' செய்துவையுங்கள். எம்-ஆதார் செயலியிலோ, ஆதார் இணையதளத்திலோ செய்யலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்ற ஒருவர், பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்து ஆயிரக்கணக்கான சிம்களை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். கைரேகையையும் பூட்டிவைக்க வேண்டிய காலம் இது.

தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

பதற்றத்தில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நாங்கள் தடுமாறினோம். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் ஏடிஎம் கார்டை பிளாக் செய்யுங்கள். போனும் போயிருந்தால் சிம்மையும். பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

2. ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சந்தேகத்துக்கு 1947. அட்டை போனதற்காகக் கலங்க வேண்டாம். இ-ஆதாருக்கும் அட்டைக்கும் ஒரே மதிப்புதான்.

3. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் 'லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்' பதிவு செய்து சான்றைப் பெறுங்கள். ஸ்டேஷனுக்கு அலையாமல் வீட்டிலிருந்தே செய்யலாம். இது தொலைந்தவற்றுக்கு மட்டும். திருடப்பட்டது, பறிக்கப்பட்டது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

4. டூப்ளிகேட் லைசென்ஸுக்கு பரிவாஹன் இணையதளத்தின் 'சாரதி' பகுதியில் விண்ணப்பியுங்கள். வாக்காளர் அட்டைக்கு இ-எபிக் டவுன்லோடு வசதி 2021-லிருந்தே இருக்கிறது. பானுக்கு இ-பான் உண்டு.

5. ஒன்றிரண்டு மாதம் கழித்து மறக்காமல் செய்யவேண்டியவை இரண்டு. 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். அடுத்து, கிரெடிட் ரிப்போர்ட். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் முளைத்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

இப்போது மாமா...

மாமாவின் பர்ஸ் இப்போது மெலிந்துவிட்டது. அன்றன்றைக்குத் தேவையான பணம், வீட்டு நம்பர் எழுதிய சீட்டு, அவ்வளவுதான். டூப்ளிகேட் லைசென்ஸ் வந்த அன்றே அதை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டார். கையில் டிஜிலாக்கர் இருக்கிறது. வண்டியில் சார்ஜரும் இருக்கிறது. அம்மாச்சியின் மஞ்சப்பைக்கு நான் வாங்கிக் கொடுத்த வாட்டர்புரூஃப் ஃபைலும் வந்துவிட்டது. அவர் அந்த ஃபைலை மஞ்சப்பைக்குள்தான் வைத்திருக்கிறார். டிரங்குப் பெட்டியை மட்டும் பரணில் ஏற்றச் சம்மதித்திருக்கிறார்.

போன மாதம் ஒத்தக்கடை அருகே வாகனச் சோதனையில் மாமாவை நிறுத்தியிருக்கிறார்கள். போனை எடுத்துக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். அன்று இரவு அதைச் சொல்வதற்காகவே எனக்குப் போன் செய்தார்.

இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும் இன்றே செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆதாரிலும் பார்த்துவிடுங்கள். பழைய நம்பர் என்றால், வேறு எதற்காவது தாலுகா ஆபீஸ் பக்கம் போகும்போது மாற்றிவிட்டு வாருங்கள்.

மாமாவுக்கு அந்த ஒரு நம்பரால் 9 நாள் கூலி போனது. உங்களுக்கு அரை நாள் போதும்.